கீச்சிடும் புல்லியும் கொஞ்சம் சிக்கனமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது பிரயோஜனமா ஒரு கால் மணி நேரம் பேசுங்க" என்றார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேச எனக்குப் பின்னால் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நான் ஒரு புல்லியைப் பற்றிப் பேசப்போகிறேன். இதோ, இந்த மஞ்சப்பைக்குள் இருக்கிறது. காரில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் புல்லி. கூடவே இரண்டு பேரிங். ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. முன்வரிசையிலிருந்து சுற்றில் விடுகிறேன். ஒவ்வொருவரும் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். கடைசியில் திரும்பி என்னிடம் வந்துவிட வேண்டும். போன தடவை நான் கொண்டுவந்த வெர்னியர் இன்னும் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது!

முதலில் இது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அந்தக் காலக் கார்களில் "ஃபேன் பெல்ட்" என்று ஒன்று இருந்தது. தொய்ந்தால் டைனமோவைக் கொஞ்சம் நெம்பி, போல்ட்டை இறுக்குவார்கள். இப்போது பல கார்களில் ஒரே நீளப் பெல்ட், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடுகிறது. இன்ஜினின் கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பி ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றுகிறது. சில வண்டிகளில் வாட்டர் பம்பும் பவர் ஸ்டீயரிங் பம்பும் இதே பெல்ட்டில்தான். பெல்ட் நாள்பட நீளும். ஏசி போட்டால் சுமை கூடும், அணைத்தால் குறையும். எந்த நேரத்திலும் அது தொய்யாமல் பார்த்துக்கொள்ள, ஸ்பிரிங் வைத்த ஒரு கையும் அதன் நுனியில் ஒரு புல்லியும் உண்டு. அதுதான் டென்ஷனர்.

நம்ம பக்கத்துக்கு இது புதுச் சரக்கு இல்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடியில் பஞ்சாலை தொடங்கியபோது, தாமிரபரணியின் விசையை வைத்துத்தான் இயந்திரங்களை ஓட்டினார்கள். அந்தக் காலப் பஞ்சாலைகளில் கூரைக்குக் கீழே நீளமான ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெல்ட் இறங்கும். நெல் அறைக்கிற மில்லுக்குப் போயிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பெல்ட் தொய்கிற இடத்தில் ஒரு சின்னப் புல்லியை வைத்து அமுக்கியிருப்பார்கள். ஜாக்கி புல்லி என்பார்கள். அந்த ஜாக்கியின் பேரன்தான் இப்போது காரின் பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பேரன் தாத்தாவைவிட வேகமாக ஓடுகிறான் என்பதுதான் வித்தியாசம். கிராங்க் புல்லி 150 மி.மீ. விட்டம், இது 75 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் இது 6,000 சுற்று. நொடிக்கு நூறு. ஒரு மணி நேரத்தில் 3,60,000. நம் வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்திலும் 400 சுற்றுக்குள்தான். இத்தனை வேகத்தையும் தாங்குவது புல்லிக்கு நடுவில் இருக்கிற ஒரு பால் பேரிங். வெளியே தகடோ நைலானோ பெரிதாகத் தேய்வதில்லை. "டென்ஷனர் போச்சு" என்று சொன்னால், பல சமயம் போனது அந்த பேரிங் மட்டும்தான்.

இந்த விஷயம் எனக்குப் பாடப்புத்தகத்தில் புரிந்ததைவிட 2023 வெள்ளத்துக்குப் பிறகு நன்றாகப் புரிந்தது. அந்த வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் புகுந்தது. தெருவில் நின்ற வண்டிகள் பானட் வரைக்கும் தண்ணீரில் கிடந்தன.

எங்கள் தெருவில் டாக்சி ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியும் அப்படிக் கிடந்ததுதான். ஆயில் மாற்றி, வயரிங் பார்த்து, சீட்டெல்லாம் வெயிலில் காயவைத்து ஒருவழியாக ஓட்ட ஆரம்பித்தார். மூணு நாலு மாதம் கழித்து முன்பக்கத்தில் ஒரு சத்தம். முதலில் "கீச்", அப்புறம் "கர்ர்". ஒர்க்‌ஷாப்பில் டென்ஷனர் அசெம்பிளியையே மாற்ற வேண்டும், கூலியோடு ஐயாயிரம் ஆகும் என்றார்கள். அவர் என்னிடம் வந்து, "தம்பி, வெள்ளத்துல ஏற்கெனவே இருந்த துட்டெல்லாம் போச்சு. வண்டி நின்னா அடுப்பும் நின்னுரும். நீங்க இன்ஜினியருக்குல்லா படிச்சிருக்கீக, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

பார்த்தோம். காரணம் வெள்ளத் தண்ணீர். பேரிங்கின் ரப்பர் சீல் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கும். மணிக்கணக்காக முழுகிக் கிடந்தால் உதட்டோரமாக நீர் கசிந்து உள்ளே போகும். கிரீஸோடு கலந்து மோர் மாதிரி ஆகிவிடும். குண்டு ஓடுகிற பாதையில் துரு புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். அந்தப் புள்ளிகளில் குண்டு விழுந்து எழுந்து ஓடுகிற சத்தம்தான் அந்த "கர்ர்". கிரீஸ் வற்றிப்போன பழைய பேரிங்கிலும் இதே சத்தம் வரும். இப்போது உங்கள் கையில் சுற்றி வருகிற கெட்ட பேரிங் அவர் வண்டியில் இருந்து கழற்றியதுதான். சுழற்றும்போது மணல் அரைபடுகிற மாதிரி விரலில் தெரிகிறதல்லவா? புதியதைச் சுழற்றினால் கிரீஸின் பிடிப்போடு வழுவழுவென்று ஓடி நின்றுவிடும்.

சரி, சத்தம் புல்லியில்தான் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெல்ட்டே சறுக்கினாலும் கீச்சிடும். இன்ஜினை அணையுங்கள், சாவியை எடுத்துப் பையில் போடுங்கள், ஆறவிடுங்கள், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். வேட்டி, துண்டு, தொங்குகிற துப்பட்டா எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெல்ட் போகிற பாதையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் திரும்ப மாட்டுவது புதிர்க்கோலம் போடுகிற மாதிரி ஆகிவிடும். டென்ஷனர் கையில் ஸ்பேனர் போட்டு ஸ்பிரிங்குக்கு எதிராகப் பைய நகர்த்தினால் பெல்ட் கழன்று வரும். இப்போது எல்லாப் புல்லியையும் ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றுங்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருக்கிறதுதான் நோயாளி. ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் நோயாளியாக இருக்கலாம். எல்லாவற்றையும் பார்க்காமல் டென்ஷனர் மேல் பழி போடக்கூடாது.

டென்ஷனரின் கையையும் சோதியுங்கள். அது பக்கவாட்டில் ஆடினாலும், திக்கித் திக்கி நகர்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் பேரிங் மாற்றிப் பயனில்லை. அசெம்பிளியைத்தான் மாற்ற வேண்டும். அந்த ஸ்பிரிங் கூட்டை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. உள்ளே முறுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் முகத்தில்தான் வந்து அடிக்கும்.

கை நன்றாக இருக்கிறதென்றால் புல்லியின் நடுப் போல்ட்டைக் கழற்றலாம். சில வண்டிகளில் இந்தப் போல்ட்டுக்கு இடது மரை. வழக்கம்போலக் கழற்றுவதாக நினைத்து நாம் இறுக்கிக்கொண்டே இருப்போம். வராவிட்டால் பலத்தைக் கூட்டுவதற்கு முன்னால் மரையின் திசையைப் பாருங்கள்.

புல்லியைக் கையில் எடுத்ததும் ஒரு கேள்வி: இந்த பேரிங் தனியாக வருமா? மூடியைக் கழற்றிப் பாருங்கள். சர்க்கிளிப் இருந்தால் எடுங்கள். தகடு விளிம்பு பேரிங் மேல் மடித்து அழுத்தப்பட்டிருந்தாலோ, நைலானை பேரிங் மேலேயே வார்த்திருந்தாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தப் புல்லியைத் தனியாக வாங்க முடிந்தால் வாங்கிப் போடுங்கள். அசெம்பிளியைவிட அது விலை குறைவு. பேரிங் அழுத்திப் பொருத்தப்பட்டதாக இருந்தால்தான் நம் வேலை.

அடுத்தது நம்பர். பேரிங்கின் மேல் 6203 என்று இருக்கும், அல்லது 6202, 6303 என்று ஏதாவது இருக்கும். இது ஒரு பாஷை. முதல் 6 என்றால் ஒற்றை வரிசைப் பால் பேரிங். அடுத்த 2 அதன் கனத்தின் வகை. கடைசி 03 உள் விட்டம், அதாவது 17 மி.மீ. 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15. 04-லிருந்து ஐந்தால் பெருக்கினால் போதும்: 04 என்றால் 20, 05 என்றால் 25. இதன்படி 6203 என்பது உள்ளே 17, வெளியே 40, அகலம் 12 மி.மீ. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் இதே அளவுதான். கார்க் கம்பெனி அசெம்பிளிக்கு என்ன நம்பர் போட்டாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்தப் பொது மொழிதான். சில புல்லிகளில் மட்டும் அகலம் கூடுதலான தனிவகை இருக்கும். அதனால் நம்பரைப் படித்தது போதாதென்று வெர்னியரிலும் அளந்துகொள்ளுங்கள்.

நம்பருக்குப் பின்னால் வரும் வால் முக்கியம். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் தகட்டு மூடி. அது உள் வளையத்தைத் தொடாது, இடைவெளி இருக்கும். மின்விசிறிக்கு அது சரி. வயல் புழுதியும் கார்த்திகை மழையும் உள்ள நம் ஊரில் பெல்ட் பக்கத்துக்கு 2ஆர்எஸ்தான் வேண்டும். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சற்று அதிகம். சூட்டில் விரிவதற்கு இடம் கொடுக்கும். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் கேட்டு வாங்குங்கள். நல்ல கம்பெனி 6203 பேரிங், ரப்பர் சீலோடு நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று வரை ஓடலாம். நமக்குத் தேவை அதில் பாதி. ஆனால் பேர் தெரிந்த கம்பெனிகளின் பெட்டியிலேயே போலியும் வருகிறது. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். அண்ணாச்சி வண்டிக்கு நல்ல பேரிங் இருநூற்றுச் சொச்சம் ரூபாய்தான் ஆனது.

இனி கழற்றி மாட்டுவது. பெஞ்ச் வைஸ், இரண்டு சாக்கெட் போதும். பேரிங்கைவிடச் சற்றுப் பெரிய சாக்கெட் அல்லது குழாய்த் துண்டை புல்லியின் ஒரு பக்கம் முட்டுக் கொடுங்கள். மறுபக்கம் பேரிங்கைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட். வைஸை இறுக்க இறுக்க பேரிங் பெரிய சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும். சுத்தியலால் அடித்தால் நைலான் பிளந்துவிடும், தகடு நெளிந்துவிடும். வைஸ் இல்லாதவர்கள் பக்கத்து லேத்துப் பட்டறையில் கொடுத்தால் டீச் செலவுக்கு அழுத்திக் கொடுப்பார்கள்.

புதியதை உள்ளே தள்ளும்போது ஒரே ஒரு விதி. தம்பி தங்கைகள் இதை மட்டுமாவது எழுதிக்கொள்ளுங்கள். வெளி வளையத்தை மட்டும்தான் தள்ள வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த விசை முழுக்க குண்டுகள் வழியாகப் போகும்; பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். புது பேரிங் பத்து நாளில் பழைய பாட்டைப் பாட ஆரம்பித்துவிடும். ஒரு சுலப வழி: கழற்றிய பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தள்ளலாம். அதன் வெளி வளையம் அதே 40 மி.மீ. தானே! முழுசாக உள்ளே போகாமல், சமமானதும் நிறுத்திவிட்டு, மீதிக்குச் சற்றுச் சிறிய சாக்கெட்டைப் போடுங்கள்.

இரும்புப் புல்லி என்றால் நம் ஃபிசிக்ஸையும் வேலை வாங்கலாம். பேரிங்கை பாலிதீன் உறையில் கட்டி ஃப்ரீஸரில் வையுங்கள். புல்லியை மட்டும் கொதிநீரில் போட்டு எடுத்துத் துடையுங்கள். 40 மி.மீ. விட்டத்துக்கு 60 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 0.03 மி.மீ. இடைவெளி கிடைக்கும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். பேரிங் வழுக்கிக்கொண்டு இறங்கும். நைலான் புல்லிக்குச் சூடு வேண்டாம், குளிர்ந்த பேரிங்கே போதும். கேஸ் வெல்டிங் நெருப்பு எதற்குமே வேண்டாம்.

மாறாக, பேரிங் சிரமமே இல்லாமல் லொடலொடவென்று உள்ளே போனால் சந்தோஷப்படாதீர்கள். புல்லியின் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அட்டை வைப்பது, பஞ்சால் குத்தி இறுக்குவது எல்லாம் 6,000 சுற்றில் நிற்காது. புல்லியையே மாற்றுங்கள். அதேபோல, சீலைக் குண்டூசியால் நெம்பி கிரீஸ் திணிக்கிற வைத்தியமும் உண்டு. நடுவழியில் நின்றவன் வீடு வந்து சேர அது உதவலாம். துருப் புள்ளியைக் கிரீஸ் ஆற்றாது.

மாட்டிய பின் புல்லி மற்றவற்றோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நேர் விளிம்பை வைத்துப் பாருங்கள். போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பெல்ட்டில் வெடிப்போ பிசிறோ இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அண்ணாச்சியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மெனக்கெட்டோம். திங்கட்கிழமை அவர் திருச்செந்தூர் சவாரி போனார். வண்டி இன்றும் ஓடுகிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதைப் பேச வந்திருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி தன் மைத்துனர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். இதுவும் வெள்ளத்தில் கிடந்தது, இதிலும் அதே சத்தம். "அதே பேரிங்தானே தம்பி, வாங்கியே வந்துட்டேன்" என்று பொட்டலத்தைப் பிரித்தார். கேட்டுப் பார்த்தால் சத்தம் உள்ளேயிருந்து, மூடிக்குப் பின்னால் இருக்கிற டைமிங் பெல்ட் பக்கத்திலிருந்து வந்தது. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெளிப் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும். வாட்டர் பம்பும் அதில் ஓடுகிறது என்றால் சூட்டு முள் ஏறும். உடனே ஓரங்கட்டி அணைத்தால் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். டைமிங் பெல்ட் வால்வும் பிஸ்டனும் முறை தவறாமல் ஏறி இறங்குவதைக் காக்கிறது. அதன் டென்ஷனர் இறுகிப்போய்ப் பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் மேலே வருகிற பிஸ்டன் திறந்து கிடக்கிற வால்வில் மோதும். ஓரங்கட்ட நேரம் கிடைக்காது. இன்ஜினைப் பிரிக்கிற செலவில் அந்த வண்டியை விற்றுவிடலாம் என்று தோன்றும். அங்கே பெல்ட், டென்ஷனர் எல்லாவற்றையும் செட்டாக, சரியான குறிகளோடு, தெரிந்தவர் கையால் மாற்றுவதுதான் சிக்கனம்.

அண்ணாச்சிக்குக் கோபம். "நமக்குன்னா செய்வீக, மச்சானுக்குன்னா மாட்டீகளோ?" என்றார். கையில் துட்டில்லாதவரிடம் "செலவு பண்ணுங்க" என்று சொல்வது, பேரிங் மாற்றுவதைவிடக் கஷ்டமான வேலை. மைத்துனர் கடன் வாங்கித்தான் செட்டை மாற்றினார். ஒரு வாரம் அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. அப்புறம் அவராகவே பேசினார். ஆனால் அந்தக் கடனை அடைக்க மைத்துனருக்கு எட்டு மாதம் ஆனது என்பதையும் நான் சொல்ல வேண்டும்.

என் பேச்சின் சாரம் இதுதான். பழுது பார்ப்பவன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். தேய்ந்தது எது? அது திரும்பவும் போனால் என்ன ஆகும்? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் ஐயாயிரம் ரூபாய் வேலை இருநூறில் முடியும். இரண்டாவதற்கு விடை தெரியாதவன் அந்த இருநூறைக் கையில் எடுக்கவே கூடாது.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது வண்டிகள் நின்றுவிடாமல் இருக்க கேஸ் பிளான்ட் செய்து கொடுத்தார். இருப்பதை வைத்து வண்டியை ஓட்டுகிற புத்தி நம் மண்ணிலும் விளைந்ததுதான். அந்தப் புத்தி இன்று நம் லேத்துப் பட்டறைகளில் இருக்கிறது. கணக்கு நம் கல்லூரியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் போக்குவரத்து குறைவு.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேஜையும் ஒரு வைஸும் ஒதுக்கித் தாருங்கள். கழித்துப்போட்ட புல்லி, பம்ப், பேரிங் எல்லாம் நான் மூட்டை கட்டிக் கொண்டுவருகிறேன். ஊரில் இருக்கிற முன்னாள் மாணவர்கள் முறை வைத்து வாருங்கள். பட்டறைக்காரர் ஒருவரையும் மரியாதையோடு அழைத்து, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, அவரிடமும் கற்றுக்கொள்வோம். தம்பி தங்கைகள் கையைக் கறையாக்கிக்கொள்ளத் தயாரா?

கைதட்டல் போதும், என் இரண்டு பேரிங்கும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று முதலில் சொல்லுங்கள்.